உள்ளூர் ரோட்டரியும் வெளியூர் ரோட்டரியும்: நாடு கடந்த உதவித் திட்டம் எப்படி நடக்கிறது?

மருத்துவமனையின் டயாலிசிஸ் பிரிவு, பள்ளிக் கழிப்பறை, ஆர்.ஓ. குடிநீர் மையம். இவற்றின் வாசலில் பதித்திருக்கும் கல்லை நின்று படிப்பவர்கள் குறைவு. படித்துப் பார்த்தால் மேலே நமக்குத் தெரிந்த உள்ளூர் ரோட்டரி சங்கத்தின் பெயர் இருக்கும். அதற்குக் கீழே கொரியாவிலோ ஜெர்மனியிலோ அமெரிக்காவிலோ உள்ள ஏதோ ஓர் ஊரின் ரோட்டரி சங்கம். அதற்கும் கீழே நான்கு இலக்க எண்ணோடு இரண்டு ‘மாவட்டங்கள்’. கடைசியில் ரோட்டரி ஃபவுண்டேஷன் என்ற பெயரும், ஜி.ஜி. என்று தொடங்கும் ஒரு நீண்ட எண்ணும். ‘வெளிநாட்டுக்காரர் பணம் கொடுத்தார், நம்மூர்க்காரர் வாங்கிக் கட்டினார்’ என்று நினைத்துக்கொண்டு நகர்ந்துவிடுவோம். அதில் பாதிதான் உண்மை. சில திட்டங்களில் பாதிகூட இல்லை.

இந்தக் கட்டுரையில் பெரும்பாலும் ரோட்டரியை வைத்தே பேசுகிறேன். அதன் விதிகள் வெளிப்படையாக எழுதி வைக்கப்பட்டவை, தமிழ்நாட்டில் நாம் பார்க்கும் கூட்டுத் திட்டங்களில் அவர்களுடையவை நிறைய. லயன்ஸ் என்கிற அரிமா சங்கத்தை நடுவில் ஓரிடத்தில் தொடுவோம்.

சேவைச் சங்கம் என்பது சுருக்கமாக இதுதான்: ஓர் ஊரின் வணிகர்கள், மருத்துவர்கள், வழக்கறிஞர்கள், அதிகாரிகள் போன்றவர்கள் ஒன்றுகூடி, சந்தா கட்டி, பழகி, ஊருக்கு ஏதாவது செய்யும் அமைப்பு. 1905இல் சிகாகோவில் பால் ஹாரிஸ் என்ற வழக்கறிஞர் தொடங்கியது ரோட்டரி. அதே சிகாகோவில் 1917இல் மெல்வின் ஜோன்ஸ் முயற்சியில் உருவானது லயன்ஸ். சென்னைக்கும் கொழும்புக்கும் ரோட்டரி வந்தது ஒரே ஆண்டில், 1929இல். ஒவ்வொரு சங்கமும் தனித்தனி. சிகாகோவை ஒட்டிய எவன்ஸ்டனில் இருக்கும் ரோட்டரித் தலைமையகம் ‘நீ இதைச் செய்’ என்று மதுரைச் சங்கத்துக்கு உத்தரவு போட முடியாது. பல சங்கங்கள் சேர்ந்தது ஒரு ‘மாவட்டம்’. இதற்கும் ஆட்சியர் இருக்கும் மாவட்டத்துக்கும் தொடர்பில்லை. ரோட்டரி மாவட்டத்துக்கு ஆண்டுக்கொரு ஆளுநர் உண்டு.

இப்படித் தனித்தனியாக இருக்கும் சங்கங்கள் கடல் கடந்து கைகோப்பதற்கு நடுவில் ஒரு பொதுப் பெட்டி தேவைப்பட்டது. அதுதான் ரோட்டரி ஃபவுண்டேஷன். 1917இல் அட்லாண்டா மாநாட்டில் அப்போதைய தலைவர் ஆர்ச் கிளம்ப், நற்பணிக்காக ஒரு நிரந்தர நிதி வேண்டும் என்றார். முதலில் வந்த நன்கொடை கான்சாஸ் சிட்டி சங்கத்தின் 26 டாலர் 50 சென்ட். இரு நாட்டுச் சங்கங்கள் சேர்ந்து பணம் போட்டால் ஃபவுண்டேஷனும் தன் பங்குக்குப் போடும் என்ற ‘மேட்சிங் கிராண்ட்’ முறை 1960களின் நடுவில் வந்தது. அது பல மாற்றங்களுக்குப் பிறகு 2013 ஜூலையில் ‘குளோபல் கிராண்ட்’ (கல்லில் பார்த்த ஜி.ஜி. இதுதான்) என்ற இன்றைய வடிவத்துக்கு உலகம் முழுக்க மாறியது.

பணம் எங்கிருந்து வருகிறது?

புதிதாகச் சங்கத்தில் சேர்ந்தவர்களே குழம்பும் இடம் இது. அதனால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

ஒரு ரோட்டரி உறுப்பினர் ஃபவுண்டேஷனின் ஆண்டு நிதிக்கு 100 டாலர் கொடுக்கிறார் என்று வையுங்கள். அந்தப் பணம் உடனே செலவாகாது. மூன்று ஆண்டுகள் முதலீட்டில் இருக்கும். அதில் வரும் வருமானம் நிர்வாகச் செலவுக்குப் போகும். மூன்றாண்டு கழித்து ஏறக்குறையப் பாதி, கொடுத்தவரின் மாவட்டக் கணக்குக்கே திரும்பி வரும். இதைத்தான் ரோட்டரிக்காரர்கள் ‘டி.டி.எஃப்.’ என்கிறார்கள். மீதியில் பெரும்பகுதி ‘வேர்ல்ட் ஃபண்ட்’ என்ற உலகப் பொது நிதியில் சேரும். ஆக இன்று ஒரு மாவட்டத்தின் கையில் இருக்கும் பணம், மூன்றாண்டுக்கு முன் அதே மாவட்டத்துக்காரர்கள் கொடுத்தது. அன்று கொடுக்காத மாவட்டத்துக்கு இன்று கை வறண்டிருக்கும்.

இனி ஒரு கற்பனைக் கணக்கு. ஒரு சிற்றூர் அறக்கட்டளை மருத்துவமனைக்கு டயாலிசிஸ் மெஷின்கள், அவற்றுக்கு வேண்டிய ஆர்.ஓ. நீர்ச் சுத்திகரிப்பு, டெக்னீஷியன் பயிற்சி எல்லாம் சேர்த்து 50,000 டாலர் தேவை. உள்ளூர் மாவட்டம் தன் டி.டி.எஃப்.பிலிருந்து 10,000 தருகிறது. வெளிநாட்டு மாவட்டம் 15,000 தருகிறது. இரண்டும் சேர்ந்து 25,000. இதற்கு வேர்ல்ட் ஃபண்ட் 80 சதவீதம் போடும், அதாவது 20,000. மீதி 5,000 டாலரை உள்ளூர்ச் சங்கத்தார் கையிலிருந்து திரட்டுகிறார்கள். கணக்கு முடிந்தது.

இதில் சில நுணுக்கங்கள் உண்டு. 2021 ஜூலைக்கு முன் டி.டி.எஃப்.புக்கு வேர்ல்ட் ஃபண்ட் நூற்றுக்கு நூறு போட்டது. கேட்பவர்கள் பெருகியதால் 80 ஆகக் குறைத்தார்கள். கையிலிருந்து போடும் ரொக்கத்துக்கு ஒரு காலத்தில் பாதி கிடைத்தது. 2018 ஜூலையிலிருந்து ஒன்றும் கிடையாது. அதுமட்டுமல்ல, ரொக்கத்தை ஃபவுண்டேஷன் வழியாக அனுப்பினால் 5 சதவீதம் கூடுதலாகக் கட்ட வேண்டும். நம் கணக்கில் 5,000 டாலருக்கு 5,250. எனவே விவரம் தெரிந்த சங்கத் தலைவர் முதலில் தேடுவது பணக்கார நண்பரை அல்ல, டி.டி.எஃப். மிச்சம் வைத்திருக்கும் வெளிநாட்டு மாவட்டத்தை. மொத்த பட்ஜெட் 30,000 டாலருக்குக் குறைந்தால் குளோபல் கிராண்டே கிடையாது. இரண்டு சுவர், நான்கு பெஞ்ச் போன்ற சின்ன வேலைகளுக்கு மாவட்ட அளவில் வேறு மானியம் இருக்கிறது.

இந்தக் கணக்கில் இன்னொன்றையும் பாருங்கள். வெளிநாட்டிலிருந்து நேராக வந்தது 50,000இல் 15,000 மட்டுமே. சில திட்டங்களில் இதைவிடவும் குறைவு. சங்கங்களும் மாவட்டங்களும் போடும் பணத்தில் குறைந்தது 15 சதவீதமாவது திட்டம் நடக்கும் நாட்டுக்கு வெளியிலிருந்து வர வேண்டும் என்பது விதி. அந்த 15ஐ மட்டும் வெளியில் வாங்கி மற்றதை எல்லாம் உள்ளூரிலேயே திரட்டும் மாவட்டங்கள் இந்தியாவில் இருக்கின்றன. ஃபவுண்டேஷனுக்கு நன்கொடை தருவதில் அமெரிக்காவுக்கு அடுத்து இந்தியா இரண்டாமிடத்தில் நின்ற ஆண்டுகள் உண்டு என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘வெளிநாட்டுக்காரர் காசு’ என்ற எண்ணம் எவ்வளவு பழையது என்று புரியும்.

அப்படியானால் வெளிநாட்டுச் சங்கம் எதற்கு?

உள்ளூரிலேயே பணம் இருக்கிறதே, பிறகு ஏன் இரண்டாவது நாடு? என் பார்வையில் இந்த ஏற்பாட்டின் உயிரே இங்குதான் இருக்கிறது. இரண்டாவது சங்கம் வெறும் பணப்பை அல்ல, இன்னொரு ஜோடிக் கண். வேலை நடக்கும் ஊரின் சங்கத்தை ஹோஸ்ட் என்றும், மற்ற நாட்டுச் சங்கத்தை இன்டர்நேஷனல் பார்ட்னர் என்றும் சொல்வார்கள். இரண்டு பக்கமும் மூன்று பேர் கொண்ட குழு அமைக்க வேண்டும். விண்ணப்பத்தை இணையத்தில் இருவரும் சேர்ந்தே நிரப்பி, இருவரும் ஒப்புதல் தர வேண்டும். பிறகு கணக்கில் கோளாறு வந்தால் ‘எனக்குத் தெரியாது, அவர்கள் பார்த்துக்கொண்டார்கள்’ என்று எவரும் ஒதுங்க முடியாது.

விதி அப்படி. நடப்பில் சில வெளிநாட்டுச் சங்கங்கள், நண்பன் கேட்டானே என்று கடன் பத்திரத்தில் ஜாமீன் கையெழுத்துப் போடுகிறவரைப் போல, படிக்காமலே ஒப்புதல் கொடுத்துவிடுகின்றன. அவர்களுக்கு அந்த ஊர் எங்கே இருக்கிறது என்றுகூடத் தெரியாது. நல்ல பார்ட்னர் கேள்வி கேட்பார்: மெஷினுக்கு ஏ.எம்.சி. என்கிற ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம் யார் கட்டுவது? டெக்னீஷியன் வேலையை விட்டுப் போனால் அடுத்த ஆள் எங்கே? ஒரு முறை டயாலிசிஸ் செய்ய நோயாளியிடம் எவ்வளவு வாங்குவீர்கள்? கரண்ட் போனால்? இந்தக் கேள்விகள் ஹோஸ்டுக்கு எரிச்சலாகத்தான் இருக்கும். ஆனால் இப்படிக் கேள்வி கேட்கும் பார்ட்னர் கிடைப்பதுதான் அதிர்ஷ்டம்.

ஹோஸ்ட் சங்கத்தின் வேலை இதைவிடப் பல மடங்கு. முதலில் ஊரின் தேவையை ஆய்வு செய்து எழுத்தில் காட்ட வேண்டும். பள்ளித் தலைமையாசிரியர் ‘ஸ்மார்ட் போர்டு கொடுங்கள்’ என்பார். பெண் பிள்ளைகளைத் தனியாகக் கேட்டால் கழிப்பறைக் கதவில் தாழ்ப்பாள் இல்லை என்பார்கள். அதைக் கண்டுபிடிப்பதற்குத்தான் ஆய்வு. அடுத்து, திட்டம் ஃபவுண்டேஷன் வகுத்த ஏழு துறைகளில் ஒன்றில் அடங்க வேண்டும்: அமைதி, நோய்த் தடுப்பு, குடிநீரும் சுகாதாரமும், தாய்சேய் நலம், அடிப்படைக் கல்வி, ஊர்ப் பொருளாதாரம், சுற்றுச்சூழல். கடைசியாகச் சொன்னது 2021இல்தான் நடைமுறைக்கு வந்தது. பெரிய செலவுகளுக்கு மூன்று கொட்டேஷன் வாங்க வேண்டும். உறுப்பினரின் மைத்துனர் கடையில் சத்தமில்லாமல் வாங்கக் கூடாது. உறவு இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். தனி வங்கிக் கணக்கு, இரண்டு பேர் கையெழுத்து. வாங்கிய மெஷின் சங்கத்தின் பேரில் இருக்கக் கூடாது; மருத்துவமனையின் சொத்தாக எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆண்டுக்கு ஒரு அறிக்கை, முடிந்த இரண்டு மாதத்துக்குள் இறுதி அறிக்கை, பில்கள் குறைந்தது ஐந்தாண்டு பத்திரம்.

இவற்றையெல்லாம் செய்பவர்கள் பகலில் கடை நடத்துகிறவர்கள், கிளினிக் பார்க்கிறவர்கள். சம்பளம் கிடையாது. எந்தச் சங்கத்திலும் கிராண்ட் வேலையைத் தலையில் போட்டுக்கொள்ளும் ஓர் ஆடிட்டரோ ஓய்வு பெற்ற வங்கி மேலாளரோ இருப்பார். கல்லில் அவர் பெயர் பெரும்பாலும் இருக்காது.

பிலிப்பைன்ஸில் தொடங்கியது

இப்படிப்பட்ட கூட்டு வேலை எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு போலியோதான் சான்று. 1979 செப்டம்பர் 29 அன்று மணிலாவை ஒட்டிய மக்காட்டியில், குவாடலூப்பே வியேஹோ என்ற இடத்தில், அப்போதைய உலக ரோட்டரித் தலைவர் ஜேம்ஸ் போமர் ஒரு குழந்தைக்குச் சொட்டு மருந்து ஊட்டினார். பிலிப்பைன்ஸ் அரசுடன் ஐந்தாண்டு ஒப்பந்தம். அறுபது இலட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளுக்கான தடுப்பு மருந்துக்கு ரோட்டரி ஏறக்குறைய 7,60,000 டாலர் கொடுத்தது. பணம் வெளியிலிருந்து. குழந்தைகளை அழைத்து வந்து வரிசையில் நிற்க வைத்தது, மருந்தைக் குளிர்ச்சியில் வைத்தது, அரசுச் செவிலியர்களோடு நின்றது எல்லாம் உள்ளூர். மேலே சொன்ன ஹோஸ்ட், பார்ட்னர் பங்கீடு அங்கேயே இருந்தது, பெயர்தான் வேறு.

அது வேலை செய்ததால் 1985இல் போலியோ பிளஸ் என்ற உலகத் திட்டம் வந்தது. 12 கோடி டாலர் திரட்டுவதாக இலக்கு வைத்தார்கள். 1988க்குள் 24 கோடியைத் தாண்டியது. அந்த ஆண்டுதான் உலக சுகாதார நிறுவனம், யுனிசெஃப் போன்றவற்றோடு உலகப் போலியோ ஒழிப்பு முயற்சி தொடங்கியது. அப்போது 125 நாடுகளில் ஆண்டுக்கு மூன்றரை இலட்சம் குழந்தைகளைப் போலியோ தாக்கிக்கொண்டிருந்தது. இந்தியாவின் கடைசிப் பாதிப்பு 2011 ஜனவரியில் மேற்கு வங்கத்தின் ஹவுராவில். 2014 மார்ச் 27 அன்று இந்தியா அடங்கிய, உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசியப் பகுதி முழுவதும் போலியோ அற்றதாகச் சான்றளிக்கப்பட்டது.

இலங்கையில் இந்த வேலை போருக்கு நடுவில் நடந்தது. கே.ஆர். ரவீந்திரன், பின்னாளில் 2015–16இல் உலக ரோட்டரியின் தலைவரான இலங்கையர், அப்போது அந்நாட்டின் போலியோ பிளஸ் குழுத் தலைவர். தேசியத் தடுப்பூசி நாட்களில் துப்பாக்கிகள் ஓய வேண்டும் என்று யுனிசெஃப்புடன் சேர்ந்து இரு தரப்பிடமும் பேசி, அந்த நாட்களுக்குப் போர்நிறுத்தம் பெற்றார்கள். வடக்கின் குழந்தைகளுக்கும் மருந்து சேர்ந்தது. 2004 சுனாமிக்குப் பின் இதே இலங்கைச் சங்கங்கள் இடிந்துபோன 25 பள்ளிகளைக் கட்டியெழுப்பியதிலும் அவர்தான் முன்னின்றார். கரையோர ஊரில் எந்தப் பள்ளியை முதலில் எடுப்பது, நிலம் யார் பேரில் இருக்கிறது, தலைமையாசிரியர் யார் என்பதெல்லாம் உள்ளூரில் இருப்பவருக்குத்தானே தெரியும்.

மதுரையிலிருந்து வெளியே

உதவி எப்போதும் மேற்கிலிருந்து கிழக்குக்கு வருவதில்லை. மதுரையில் டாக்டர் கோ. வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்த் கண் மருத்துவமனை எல்லாருக்கும் தெரியும். அதே ஊரில் இருக்கும் ‘லைகோ’ அவ்வளவு தெரியாது. அதன் முழுப்பெயர் ‘லயன்ஸ் அரவிந்த் இன்ஸ்டிட்யூட் ஆஃப் கம்யூனிட்டி ஆப்தமாலஜி’; பெயரிலேயே லயன்ஸும் உண்டு, அரவிந்தும் உண்டு. 1925இல் ஹெலன் கெல்லர் லயன்ஸ் மாநாட்டில் பேசி, பார்வையற்றோருக்காகப் பாடுபடும்படி கேட்டுக்கொண்டதிலிருந்து கண் அவர்களுடைய துறை. 1990இல் சைட்ஃபர்ஸ்ட் என்ற திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் துணையோடும் சேவா ஃபவுண்டேஷன் துணையோடும் 1992இல் லைகோ உருவானது.

இது கண் அறுவை செய்யும் இடமல்ல, கண் மருத்துவமனையை நடத்தக் கற்றுக்கொடுக்கும் இடம். ஒரு நாளைக்கு எத்தனை அறுவை, அதற்கு எத்தனை செவிலியர், பணம் கட்டுகிறவர் எத்தனை பேர், கட்டாதவர் எத்தனை பேர், மருந்துக் கையிருப்பு எவ்வளவு என்பதையெல்லாம் பிற நாட்டு மருத்துவமனைக்காரர்கள் மதுரைக்கு வந்து உட்கார்ந்து படிக்கிறார்கள். லயன்ஸ் பணத்தில் அன்று நூறு மைக்ராஸ்கோப் வாங்கிக் கொடுத்திருக்கலாம். இந்நேரம் அவை பழைய இரும்புக்குப் போயிருக்கும்.

ரோட்டரியிலும் இந்தத் திசை மாற்றம் உண்டு. 1991–92இல் உலகத் தலைவராக இருந்த சண்டிகரைச் சேர்ந்த ராஜேந்திர சாபு, 1998இல் இந்திய மருத்துவர்களை உகாண்டாவுக்கு அழைத்துச் சென்றார். அங்கே இருக்கும் சங்கம் ஹோஸ்ட், இந்தியச் சங்கம் பார்ட்னர். அதன்பிறகு இந்திய மருத்துவக் குழுக்கள் ஆப்பிரிக்க நாடுகளுக்குப் பலமுறை போய்வந்தன.

டெல்லியில் ஒரு வங்கிக் கிளை

இந்தியாவில் வெளிநாட்டுப் பணம் வாங்கும் எந்த அமைப்பும் எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்துக்குள் வரும். பதிவு வேண்டும், அல்லது முன் அனுமதி வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பிறகு வெளிநாட்டு நன்கொடை முதலில் வந்து விழ வேண்டிய இடம் ஒன்றே ஒன்று: ஸ்டேட் வங்கியின் புதுடெல்லி முதன்மைக் கிளை. அந்தப் பணத்தை இன்னோர் அமைப்புக்கு மாற்றிக் கொடுக்கவும் தடை. ஒரு சங்கம் வாங்கி, ஊரிலுள்ள சின்னத் தொண்டு நிறுவனத்துக்குப் பிரித்துக் கொடுத்து வேலை வாங்கிய பழைய வழி இதோடு அடைபட்டது. பல சின்னச் சங்கங்கள் குளோபல் கிராண்ட் என்றாலே தயங்குவதற்கு விண்ணப்பத்தைவிட இதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

எங்கே கெட்டுப்போகிறது?

திறப்பு விழா வரை எல்லாம் நன்றாகத்தான் நடக்கும். மாலை, சால்வை, குத்துவிளக்கு, வெளிநாட்டு விருந்தினருக்குப் பட்டுத் தலைப்பாகை. ஆறு மாதம் கழித்து ஆர்.ஓ. மையத்தில் நீரை வடிகட்டும் மெம்பிரேன் அடைக்கும். மாற்ற யாரிடமும் பணம் இல்லை. ஊராட்சி ‘இது ரோட்டரியுடையது’ என்று சொல்லும். ரோட்டரி ‘நாங்கள் ஒப்படைத்துவிட்டோம்’ என்று சொல்லும். இரண்டும் காகிதப்படி உண்மைதான். அதனால்தான் விண்ணப்பத்திலேயே, கிராண்ட் பணம் தீர்ந்தபின் யார் எந்த வருமானத்தில் நடத்துவார்கள் என்ற பகுதிக்கு ஃபவுண்டேஷன் அவ்வளவு அழுத்தம் தருகிறது. குடம் தண்ணீருக்குச் சிறு தொகை வசூலிப்பது, ஊர்ப் பெண்கள் குழு கையில் சாவி கொடுப்பது, பராமரிப்புக்கென்று தனிக் கணக்கு வைப்பது போன்றவற்றைத் தொடக்கத்திலேயே பேசி முடித்த இடங்களில் தண்ணீர் வருகிறது.

இன்னொரு சிக்கல் நாள்காட்டி. ரோட்டரியின் ஆண்டு ஜூலை 1இல் தொடங்கும். அன்று சங்கத் தலைவர், செயலர், மாவட்ட ஆளுநர் எல்லாரும் உலகம் முழுக்க ஒரே நாளில் மாறுவார்கள். குளோபல் கிராண்டோ யோசனையிலிருந்து இறுதி அறிக்கை வரை ஓராண்டுக்குள் முடிவது அபூர்வம். தொடங்கியவர் ஒருவர், பார்ட்னரோடு பேசியவர் இன்னொருவர், கணக்கு முடிப்பவர் மூன்றாமவர் என்றாகிவிடும். புதிய தலைவருக்குத் தன் பெயர் சொல்லும் புதுத் திட்டத்தில்தான் ஆசை இருக்கும். முன்னவரின் அறிக்கையை எழுத ஆசை இருக்காது. அறிக்கை தாமதமானால் அந்தச் சங்கத்துக்கு அடுத்த கிராண்ட் நிற்கும்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கோ ஆரம்ப சுகாதார நிலையத்துக்கோ ஏதாவது தேவை என்று வையுங்கள். வெளிநாட்டுச் சங்கத்துக்கு மின்னஞ்சல் அனுப்பிப் பயனில்லை. தனிமனிதரோ பள்ளியோ நேராக ஃபவுண்டேஷனிடம் விண்ணப்பிக்கவும் முடியாது. பக்கத்து ஊர்ச் சங்கத்துக்குப் போங்கள். இப்போதைய தலைவரைப் பார்ப்பதோடு நில்லாமல், அடுத்த ஜூலையில் தலைவராகப் போகிறவர் யார் என்று கேட்டு அவரையும் பாருங்கள். ஜனவரி, பிப்ரவரி நல்ல நேரம். அடுத்த ஆண்டுத் திட்டங்களை அப்போதுதான் யோசித்துக்கொண்டிருப்பார்கள். கையில் கோரிக்கை மனு மட்டும் கொண்டுபோகாதீர்கள். எத்தனை பேருக்குப் பயன், இப்போது என்ன நிலை, உங்கள் தரப்பு என்ன கொடுக்கும், பிறகு மாதச் செலவை யார் ஏற்பார்கள் என்று ஒரே பக்கத்தில் எழுதிக் கொண்டுபோங்கள்.